அம்மன் தேர்ந்தெடுத்த கேம்ஷாஃப்ட்

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர், லண்டனில் றேஸ் அண்ணையைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் ஹவுன்ஸ்லோவில் அவர் வீட்டு மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கிழமை நாட்களில் அவருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், நாய்ப் பந்தயம் நடத்தும் ஒரு சின்ன மைதானத்தில் வட்டமாக ஓடும் கார்ப் பந்தயம். நாலு பந்தயம் ஓடி, ஒன்றையும் முடிக்கவில்லை. நாலாவதில் காரைச் சுவரில் சாத்திவிட்டுக் கழுத்துப் பட்டியோடு வந்தார். இரண்டு கிழமை, யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடுதான் திரும்பினார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, அடுத்த ஓட்டத்தையும் முடிக்காட்டி உந்தக் கார் பழைய இரும்புக்குத்தான்."

"முடிப்பன். பிழை கேம்ஷாஃப்டிலை."

எஞ்சினுக்குள் வால்வுகள் எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்று தீர்மானிக்கிற இரும்புத் தண்டு அது. அண்ணை இரண்டு வாங்கி வந்து குசினி மேசையில், புட்டுக் குழலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பெரிசு போட்டா நேர்ப்பாதையிலை பறக்கும். சின்னது போட்டா வளைவாலை வெளிக்கிடேக்கை நல்லா இழுக்கும். நீர் என்ன சொல்லுறீர் தம்பி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை?"

மூன்று கிழமை யோசித்தார். புட்டில் எஞ்சின் ஒயில் மணத்த அன்று அக்கா இரண்டு தண்டையும் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தார். "இண்டைக்கு முடிவெடுங்கோ!"

அண்ணை எடுத்த முடிவு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. சவுத்தாலில் மல்லிகை வாங்கினார். பெற்றோல் நிலையத்தில் ஒரு சிவப்பு ரோசா வாங்கினார். மல்லிகை வந்தால் சின்னது, ரோசா வந்தால் பெரிசு. தனித்தனியாகக் கடதாசியில் மடித்துக் குலுக்கி அம்மனுக்கு முன்னால் வைத்தார்.

"நீர் எடும் தம்பி. உமக்குத்தான் எஞ்சினைப் பற்றி ஒண்டும் தெரியாது."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். மல்லிகை.

அண்ணையின் முகம் வாடியது. "அம்மாளுக்கு வேகம் பிடிக்காது போல" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சொல் மாறாமல் சின்னதையே பூட்டினார்.

பந்தயத்தன்று மற்றக் கார்கள் சிங்கம்போல உறுமின. எங்கள் கார் தையல் மெஷின்போலக் கடகடத்தது. ஆனால் அந்த மைதானத்தில் நேர்ப்பாதை என்று சொல்ல ஏதாவது இருந்தால்தானே? சிங்கங்கள் வேகம் பிடிக்குமுன் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே அவை மூச்சுத் திணற, தையல் மெஷின் குடுகுடுவென்று முந்தியது. பதினாறு பேரில் அண்ணை ஐந்தாவது.

"அஞ்சாவதுக்கோ இந்தக் கூத்து?" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கார் நிக்கட்டும்" என்றார்.

"அம்மாள் எஞ்சின் படிச்சவ!" என்று அண்ணை ஹவுன்ஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிந்தார். அடுத்த வருடம் இரண்டு வெள்ளைக்காரப் பந்தயக்காரர்களைச் சப்பாத்துக் கழற்ற வைத்துக் கோயிலுக்குள் கூட்டி வந்தார். பூ எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

பெற்றோல் நிலைய ரோசாவுக்கு வாசம் கிடையாது. மல்லிகை கடதாசிக்குள்ளும் மணக்கும். கண்ணை மூடியவனுக்கு மூக்கு இருந்தது. எனக்குக் கேம்ஷாஃப்டைப் பற்றி இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. பறக்கும் என்று அவர் சொன்னது பெரிசு; அதனால்தான் மணத்த பொட்டலத்தை எடுத்தேன். அந்தக் கழுத்துப் பட்டியோடு அவரை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனமில்லை.