குசும்பா மாத்திரையும் இரண்டு விரலும்

தென்கொரியாவின் உய்சோங் சந்தைக்குப் பின்னால், காலியாகக் கிடந்த மேசை நாற்காலிக் கடையில் காலையிலேயே பெண்கள் கூட்டம் அலைமோதியது. வந்தவருக்கெல்லாம் ஒரு கட்டு டாய்லெட் பேப்பர் இலவசம். பாட்டு இலவசம். மருந்து விற்க வந்த மேலாளர் கூ என்பவரின் பாசமும் இலவசம். பெற்ற பிள்ளைகள் சியோலிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை வந்து ‘அம்மா’ என்பார்கள். கூ மூச்சுக்கு மூச்சு ‘அம்மா’ என்றார். விலை, அவர் நீட்டிய குசும்பா எண்ணெய் மாத்திரைக்கு மட்டும்தான்.

குசும்பாப்பூ விதையில் ஆட்டும் எண்ணெய், பாவம், நல்ல எண்ணெய்தான். வெங்காயத்தாள் அடை சுடலாம். ஆனால் கூவின் டப்பாவுக்குள் போனதும் அது மூட்டுவலி, மறதி, ரத்தக்குழாய் அடைப்பு எல்லாவற்றையும் தீர்க்க ஆரம்பித்துவிட்டது. அத்தாட்சி? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கச் சொல்வார். வெறுங்கையோடு நின்றால் சுலபமாகப் பிரித்துவிடுவார். மறுகையில் டப்பா இருந்தால் முக்கி முனகியும் பிரிக்க வராது. எவ்வளவு இழுப்பது என்பது இழுப்பவர் இஷ்டம்தானே என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்தில் இருந்த மக்சூனும் நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி மாத்திரையும் குசும்பாவும் உடம்புக்குள் சண்டை போடும் என்று கூ சொன்னதால், கணவன் தல்சுவின் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். முந்தாநாளிலிருந்து அவனுக்குத் தலை சுற்றல். விஷம் வெளியேறுகிறது என்றார் கூ. அவளுக்கு உள்ளூர பயம். அந்தப் பயத்திலேயே இன்னொரு டப்பா வாங்க வந்திருந்தாள்.

தல்சுவின் தங்கை ஒக்புனும் கூட வந்தாள். பேப்பர் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையேறி, வீட்டிலிருந்து கொண்டுவந்த குசும்பா டப்பாவைப் பிடித்தாள். கூ இழுத்தார். முகம் சிவந்தது. வளையம் அசையவில்லை.

“பாத்தீங்களா அம்மா? எல்லாம் உள்ள இருக்கிற குசும்பா பண்ற வேலை.”

ஒக்புன் டப்பாவைக் கவிழ்த்தாள். கறுப்பு சோயா மேடையெங்கும் உருண்டது.

“மாத்திரைய நேத்தே வெளிய கொட்டிட்டேன் தம்பி. இது நாங்க சோத்துல போடற சோயா.”

கூ அசரவில்லை. மாத்திரை இருந்த டப்பாவாயிற்றே, சக்தி சோயாவுக்கும் ஏறிவிட்டது என்றார். முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி குனிந்து நாலு சோயாவைப் பொறுக்கி, பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மக்சூன் எழுந்தாள்.

“அப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு இழுங்க. கையில டப்பா இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.”

கூ பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். சிலர் தாளம்கூடப் போட்டார்கள். மக்சூன் வாசலுக்கு வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

“கிளம்பி இருங்க, டாக்டர்கிட்ட போறோம். உங்க உசிர வச்சு விளையாடிட்டேன்.”

கண்ணை மூடினால் பிழைப்பு போய்விடும் என்று கூவுக்குத் தெரிந்திருந்தது. திறந்தால்தான் பிழைப்பு என்று நமக்கு எப்போது தெரியப்போகிறது?