வேணாம் சார் விற்ற லேப்டாப்

சித்திரை இருபத்தெட்டு, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று என்பதே இல்லை. அந்த வேளையில்தான், காஞ்சிபுரத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே தன் கடைச் சரக்கை வாங்காதே என்று கெஞ்சும் ஒரே வியாபாரியை நான் சந்தித்தேன்.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இங்கே வெளியூர்க் கார் ஒன்று வேகத்தைக் குறைத்தால் போதும், புடவைக் கடைத் தரகர்கள் நாலு பேர் ஜன்னலில் முளைப்பார்கள். சாமி கும்பிட வந்தவர் மூன்று பட்டுப் புடவையோடு திரும்புவார். சாமியைப் பார்த்தாரா என்பது அவருக்கே நினைவிருக்காது. அப்பேர்ப்பட்ட ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், 'பழைய கம்ப்யூட்டர் விற்கப்படும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "வேணாம் சார்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் அவர். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் வேணாம் சார்.

நான் காத்திருந்தபோதே ஒரு பெண்ணின் தகப்பனார் வந்தார். மாப்பிள்ளைக்குச் சீராக லேப்டாப் தர வேண்டுமாம்.

"மாப்ள இன்னா வேல பாக்கறாரு?"

"மருந்துக் கம்பெனிப்பா. ஊர் ஊரா சுத்திக்கினு இருப்பாரு."

"அவரு பைக் டயரப் பாத்தியா? மொட்டையா இருக்கும். ரெண்டு டயர் வாங்கிக் குடு. உம் பொண்ணுதான பின்னால உக்காரப் போவுது?"

அவர் நன்றி சொல்லிவிட்டு டயர் வாங்கப் போனார்.

யாராவது பழைய லேப்டாப் விற்க வந்தால், வேணாம் சார் அதைத் திறக்க மாட்டார். பக்கவாட்டுத் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். "தறி வூடு. நூல் தூசி." இன்னொன்றை மோந்து, "இது ஊதுவத்தி வூடு. சாமிப் படத்துக்குக் கீழ வெச்சிருக்கீங்க." ஒருமுறை ஒன்றை மோந்துவிட்டு, "வூட்ல மீன் கொழம்பா?" என்று கேட்டதாகவும், வந்தவர் மிரண்டு ஓடியதாகவும் பக்கத்துக் கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.

என் பிரச்சினை வேறு. என் மனைவி கமலாவின் அக்கா ஓசூரில் இருக்கிறார். வருடம் தவறாமல் வைகாசித் தேருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, மாடியில் நின்று பார்ப்பார். இந்த வருடம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். "போட்டோ அனுப்பி ஏமாத்தாதடி. தேர் ஓடும்போதே நான் பாக்கணும். அடுத்த வருஷம் இருப்பனோ மாட்டனோ" என்று போனில் அழுதுவிட்டார். கமலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா மகன் ஒரு வழி சொன்னான். பழைய போனை மாடியில் கேமராவாகக் கட்டுவது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை இரவும் பகலும் ஓட விடுவது. அது உற்சவம் முழுவதையும் சேமித்து, ஓசூரில் அக்காவின் டிவிக்கும் அனுப்பும். அதற்கு வீட்டு சர்வர் என்று பெயராம். பழைய லேப்டாப் போதும், அல்லது இனிப்பு டப்பா அளவில் வரும் சின்ன டெஸ்க்டாப்.

"இதுல எது வாங்கலாம்?" என்று வேணாம் சாரிடம் கேட்டேன்.

"ரெண்டும் வேணாம் சார்."

"டப்பா நல்லா இருக்குமாமே?"

"இருக்கும். சூடாவாது, பத்து வருஷம் ஓடும். ஆனா கரண்டு போனா அந்த நிமிஷமே அதுவும் போயிடும்."

"அப்ப லேப்டாப்?"

"அதுல பேட்டரி இருக்குது, நிக்கும். ஆனா நாள் பூரா சார்ஜ்ல கெடந்தா பேட்டரிக்கு வயிறு உப்பிக்கும். பாதிக்கு மேல சார்ஜ் ஏறாம நான் கட்டிப் போடணும். உங்களுக்கு இன்னாத்துக்கு சார் இந்த வயசுல இந்தத் தொல்ல?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து கடையைப் பூட்டினார். "வூட்டக் காட்டுங்க" என்றார்.

வீட்டில் சுவர்களைத் தொட்டுப் பார்த்தார். மேசையை ஆட்டிப் பார்த்தார். இன்வர்ட்டர் எங்கே என்றார். அதை வாங்கலாமா என்று நான் பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருப்பதைக் கமலா சொன்னாள்.

"தேர் அன்னிக்கு இந்தத் தெருவுல கரண்ட நிறுத்திடுவாங்க, தெரியுமில்ல? வயரெல்லாம் அவுத்துடுவாங்க. உங்க நெட் வயர் பின்சந்து வழியா வருது, பொழச்சீங்க. லேப்டாப்தான் சரி. எட்டாயிரத்து ஐநூறு."

எதை வாங்கினாலும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வது என் கொள்கை. சொன்னேன்.

"இன்னாத்துக்கு சார் அம்பது? வாங்காம இருங்க, எட்டாயிரத்து ஐநூறும் கொறயும்."

முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

அதன் பிறகு, பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் போல இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். "காப்பி?" என்பாள் கமலா. "வேணாம்மா" என்பார். ஆனால் குடித்துவிட்டுத்தான் போவார்.

தேர் நாள் வந்தது. தேர் நிலையை விட்டுக் கிளம்பியதும் மின்சாரம் நின்றது. லேப்டாப் அசையவில்லை, ஒயரில் இணைத்த மாடி போன் காட்டிய தெரு அதன் திரையில் தெளிவாகத் தெரிந்தது. நான் கர்வத்தோடு நிமிர்ந்தேன்.

"ஏங்க, அக்கா பாக்கறாளா?"

திரையின் ஓரத்தில் 'இணைப்பு இல்லை' என்று இருந்தது. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். இணையத்தைக் கொண்டுவரும் மோடம் விளக்கணைந்து செத்துக் கிடந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. சுவரைத் தொட்டு, மேசையை ஆட்டிப் பார்த்த மனிதரும் அதை மறந்தார். எதையும் எண்ணிப் பார்க்கும் நானும் மறந்தேன். தெருவில் நின்ற கூட்டத்தில் செல்போனுக்கும் சிக்னல் இல்லை.

"அப்ப யார்தாங்க பாக்கறாங்க?"

"நம்ம லேப்டாப் பாக்குது" என்றேன். கமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தன் லேப்டாப் எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்திருந்த வேணாம் சார், மாடி அறை வாசலில் நின்று இதைக் கேட்டார். தலையில் படாரென்று அடித்துக்கொண்டார். மறு நிமிடம் கீழே ஓடித் தன் ஸ்கூட்டரின் அடிப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?" என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன்.

"மோடமும் பன்னெண்டு வோல்ட்டு, வண்டி பேட்டரியும் பன்னெண்டு வோல்ட்டு. நகருங்க சார்!"

பேட்டரியைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். மோடத்தின் ஒயரை வெட்டி, பல்லால் உரித்து, முறுக்கி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. தேர் தெருமுனையில் திரும்பியது. வடம் பிடித்தவர்களின் கூச்சல் வீட்டையே உலுக்கியது. வேணாம் சார் மாடிச் சுவரோரம் ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

வீட்டு இணையம் திரும்பியதால் கமலாவின் போன் வாட்ஸாப்பில் அடித்தது. ஓசூர் அக்கா.

"தெரியுதுடி, நல்லா தெரியுது! அந்த நீலச் சட்டக்காரன மட்டும் கொஞ்சம் நகரச் சொல்லு, தேர மறைக்கிறான்!"

வேணாம் சார் கையை இறக்காமலே பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. வியர்வை என்றார்.

மின்சாரம் வர மாலையாகும் என்று பேட்டரியை எங்களிடமே விட்டுவிட்டார். பேட்டரி இல்லாமல் கிளம்பாத புதுமாதிரி வண்டி அது. அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் அதை ஓரிக்கையில் இருக்கும் தன் வீடு வரை தள்ளிக்கொண்டே போனார்.

மாலைக்குள் அந்தப் பேட்டரி முழுக்க வடிந்து செத்திருந்தது. மறுநாள் புதுப் பேட்டரி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

"வேணாம் சார்."

"வேணும்" என்றேன். அந்தப் பலகைக்குக் கீழே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி ஜெயித்ததில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

லேப்டாப் எட்டாயிரத்து ஐநூறு, பேட்டரி ஆயிரத்து அறுநூற்று இருபது. மொத்தம் பத்தாயிரத்து நூற்றிருபது ரூபாய். பேட்டரிக் கடையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.