எதிரி பேசிய மொழி

உலகில் இதுவரை நடந்த போர்களிலேயே மிக உண்மையானது எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில் நடந்தது. 'இறுதிக் களம்' என்ற எங்கள் வீடியோ கேம் நன்றாக விற்றுவிட்டது. எனவே 'இறுதிக் களம் – இரண்டு' தயாரானது. அதன் ஒலிப்பிரிவுக்குத் தலைவன் நான். பிரிவில் வேறு யாரும் இல்லை என்பது தலைமைக்கு ஒரு குறையாகாது.

சுடும் விளையாட்டு என்பதால், முதல் பாகத்திலிருந்து ஒரு மலையையும் பாலத்தையும் ஆற்றையும் சுட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஆற்றை மட்டும் எதிர்த்திசையில் ஓடவிட்டோம். அலுவலக மொழியில் இதற்குப் 'புத்தாக்கம்' என்று பெயர்.

ரசிகர்கள் அறியாத இன்னும் சில தகவல்கள்: நீங்கள் கேட்டு நடுங்கும் எந்திரத் துப்பாக்கி, வரவேற்பறையின் ஸ்டேப்ளர். பீரங்கி வண்டி, நான் தரதரவென்று இழுத்த இரும்பு பீரோ. ஹெலிகாப்டர், மின்விசிறியில் உரசிய விசிட்டிங் கார்டு. பக்கத்து அறையில் யாராவது தண்ணீர் திறந்தால் கடற்படையும் வந்துவிடும்.

போரை நடத்தியவர் எங்கள் ஜெனரல் மேனேஜர். களத்துக்கு மரியாதையாக 'மேனேஜர்' என்பதை வெட்டிவிட்டு 'ஜெனரல்' என்று மட்டும் அழைக்கும்படி சுற்றறிக்கை விட்டவர். பலூன் வெடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மேஜைக்கடியில் பதுங்கிவிடும் அளவுக்குப் போர்ப் பயிற்சி உள்ளவர்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

"டேய், வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். நம்ம வீட்டுல ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு தெரியும்ல? என் பக்கத்துச் சாட்சி நீ ஒருத்தன்தான். நீ வரலேன்னா கல்யாணமே இல்ல."

"நான் ஒலிப்பிரிவுக்கே தலைவன்க்கா. யாரைக் கேக்கணும் நான்?"

"முதல்ல லீவு கேளுடா, தலைவா" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் பாகத்தின் தனிப்பெருமை 'மனிதாபிமானம்'. எதிரி ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கெஞ்சுவான். ஒரு பொத்தானை அழுத்தினால் அவனை மன்னிக்கலாம், இன்னொன்றை அழுத்தினால் சுடலாம். மன்னித்தால் மனநிறைவு, சுட்டால் ஐம்பது புள்ளி. கெஞ்சுவதற்கு நடிகர்களை வரவழைத்தோம். ஜெனரலுக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை.

"என்னய்யா கெஞ்சுறான் இவன்? லிஃப்டை நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கு. உயிர் போற பயம் வேணும்யா!"

"எந்த மொழியில சார் கெஞ்சணும்?"

"எந்த நாட்டு மொழியாவும் இருக்கக்கூடாது. யார் மனசும் புண்படக்கூடாதுல்ல? ஒண்ணும் புரியக்கூடாது, ஆனா அழுகை வரணும்."

அன்று நீர்மூழ்கிக் கப்பலுக்காக, ஜெனரல் அறையின் ஏசி உறுமுவதைப் பதிவு செய்ய ஒரு மைக்கை அங்கே வைத்துவிட்டு வந்திருந்தேன். பிறகு போட்டுக் கேட்டால், கப்பலுக்கு நடுவே குண்டுவின் குரல். குண்டு எங்கள் ஓவியன். வெடிகுண்டு வரைவதால் அந்தப் பெயர், ஆள் ஈர்க்குச்சி.

"சார், ரெண்டு நாள் லீவு... பல்லு சார்... தாங்க முடியல சார்..."

"போர்க்களத்துல எவனாவது பல்லு புடுங்கிக்கிட்டு இருப்பானாய்யா?"

"உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன் சார்..."

எனக்குப் புல்லரித்தது. அதை எழுத்தெழுத்தாக நறுக்கித் திருப்பிப் போட்டேன். 'சார், ரெண்டு நாள் லீவு' என்பது 'வுலீ ள்நா டுண்ரெ ர்சா' ஆயிற்று. எந்த நாட்டுக்காரனுக்கும் புரியாது. எந்த அலுவலகத்துக்காரனுக்கும் அழுகை வரும்.

ஜெனரல் கேட்டுக் கண் கலங்கினார். "வுலீ, வுலீன்னு எப்படிக் கதறுறான் பாரு! யாருய்யா இந்த நடிகர்? கூப்பிடு, கை குடுக்கணும்."

"வெளியூர் சார்" என்றேன். குண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கன்னத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

ஏசி பேரைச் சொல்லி மைக் ஜெனரல் அறையிலேயே குடியேறியது. ஒரே வாரத்தில் பாதி அலுவலகம் எதிரிப் படையில் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்ற கணக்குப் பிரிவு அக்கா, மகனுக்குக் காய்ச்சல் என்ற டிரைவர் அண்ணன் என்று அருமையான கலைஞர்கள். கேண்டீனில் அவர்களுக்கு நான் வகுப்பே எடுத்தேன்.

"லீவுங்கிறது உரிமை. அதைப் போய்க் கும்பிட்டு வாங்குறீங்களே, முதுகெலும்பை வீட்டுல கழட்டி வெச்சுட்டா வர்றீங்க? நான்லாம் கேக்கவே மாட்டேன். தகவல் குடுப்பேன், அவ்வளவுதான்."

"வியாழக்கிழமைக்குக் குடுத்துட்டியா?" என்றான் குண்டு, வீங்கிய வாயால்.

"குடுப்பேன்டா."

புதன்கிழமை மாலை தகவல் கொடுக்கப் போனேன். ஜெனரல் திரையில் விளையாடிக்கொண்டிருந்தார். குண்டுவின் குரல் மண்டியிட்டது, டுமீல். கணக்கு அக்காவின் குரல் மண்டியிட்டது, டுமீல்.

"ஒருத்தரையாவது மன்னிச்சுப் பாத்தீங்களா சார்?"

"அந்தப் பொத்தான் எங்கய்யா இருக்கு?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "சார், நாளைக்கு நான் வரமாட்டேன்."

"தாராளமா. அப்புறமும் வராதே." டுமீல்.

ஏசி உறுமியது. பைக்குள் போன் துடித்தது, அக்காதான்.

"சார்" என்றேன். குரல் யாருடையதோபோல வந்தது. "அக்கா கல்யாணம் சார். சாட்சிக் கையெழுத்துப் போட என்னை விட்டா அவளுக்கு ஆள் இல்ல சார். அரை நாள் போதும் சார். உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்."

சுடுவது நின்றது. ஜெனரல் திரும்பினார். அவர் கண்களில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, உனக்குள்ள இப்படி ஒரு நடிகனா! நல்லா வந்துச்சுன்னா அரை நாள் எடுத்துக்கோ. இன்னொரு தடவை சொல்லு பாப்போம், கொஞ்சம் மூச்சு வாங்கி."

மைக்கை என் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, சொன்னேன்.