மச்சான் போட்ட புகார்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கையும் பிள்ளைகளும் நலம். நான் நலமில்லை, காரணம் நீங்கள்.

போன மாதம் என் மருந்துக்கடைக்கு வந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டீர்கள். முடியாது என்றேன். உனக்குப் பெண் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று, இருமல் மருந்து வாங்க நின்றவர்கள் முன்னால் கேட்டுவிட்டுப் போனீர்கள். சரி, கோபம் ஆறிவிடும் என்றிருந்தேன். நீங்களோ, சீட்டு இல்லையென்று மச்சான் என்றும் பாராமல் விரட்டிவிட்ட இரக்கமற்றவன் என்று மருந்தாளுநர் கவுன்சிலுக்கே புகார் எழுதி, அதன் நகலை எனக்கு வேறு அனுப்பினீர்கள்!

கவுன்சில் சும்மா இருக்குமா? ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து, சுவரில் மாட்டியிருந்த என் பதிவுச் சான்றிதழைக் கழற்றிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தால், இன்சுலினுக்குப் பக்கத்தில் உங்கள் தங்கை வைத்த பால் பாக்கெட். இது எந்த வியாதிக்கு என்று கேட்டார். தூக்க மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, புகார் வந்திருக்கிறது, வியாழக்கிழமை விசாரணைக்கு வாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். பதிவை ரத்து பண்ணிட்டா கடையை இழுத்து மூட வேண்டியதுதான் மச்சான், அப்புறம் நான் சோப்பும் சீப்பும்தான் விக்கணும். உங்க தங்கச்சிகிட்ட முறையிட்டா, "எங்க அண்ணன் தூங்காம தவிச்சப்ப உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா?"ன்னு திருப்பிக் கேக்குறா. இப்ப எனக்குத்தான் தூக்கம் போச்சு. கடை நிறைய மாத்திரை இருந்தும் ஒண்ணை எடுத்துப் போட முடியலை, அதுக்கும் சீட்டு வேணும்!

கையெடுத்துக் கும்பிடுகிறேன், புகாரை உடனே வாபஸ் வாங்குங்கள். விசாரணை நடக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்காவது நல்ல தூக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
கண் சிவந்த உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆய்வாளர் அம்மா போன் செய்தார். விசாரணை உங்கள் புகாருக்காக இல்லையாம். கேட்டவனுக்கெல்லாம் நான் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை அள்ளிக் கொடுக்கிறேன் என்று எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். "நீங்க அப்படிக் குடுக்கிற ஆள் இல்லைங்கிறதுக்கு உங்க மச்சான் எழுதின புகார் ஒண்ணுதான் சாட்சி" என்றார். மச்சான், தயவுசெய்து வாபஸ் வாங்கிவிடாதீர்கள். வியாழக்கிழமை நேரிலேயே வந்து, எனக்கு இரக்கமே கிடையாதுன்னு எல்லார் முன்னாலயும் நல்லா உரக்கச் சொல்லுங்க.