கனிவு மன்றத்துக் காகிதம்

அந்தரபுரி என்றொரு நாடு இருந்தது. ராஜா எதையாவது திறந்துவைக்காத நாளே அங்கே கிடையாது. அப்படித் திறந்துவைத்த ஆற்றுப் பாலம் ஒன்று நாற்பதாம் நாள் இடிந்து விழுந்தது. ஆறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் பவளத்தின் கணவன் சின்னையா. பாலத்தைக் கட்டியவரோ மந்திரியின் மருமகன். பவளம் அவர்மீது வழக்குப் போட்டாள். "உனக்கேன் இந்த வம்பு?" என்று ஊரே கேட்டது.

மறுவாரமே ராஜாவுக்குப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கிவிட்டது. தப்புச் செய்யும் இளம்பிள்ளைகளை இனி கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது, கனிவு மன்றமே விசாரிக்கும் என்று ஆணை பிறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பவளம், கடைக்காரன் கொசுறாகக் கொடுத்த கீரைக்கட்டையும் பிரித்துப் பார்க்கிறவள். இந்தக் கனிவையும் அவள் நம்பவில்லை.

கனிவு மன்றம் கோர்ட் அல்லவாதலால் வக்கீல், சாட்சி, அப்பீல் எதுவும் வேண்டியதில்லை என்றது இரண்டாம் ஆணை. ஒரு மாதமாகியும் மன்றத்துக்கு ஒரு பிள்ளையும் வராதது ராஜாவின் கனிவுக்கே அவமானம் என்று வருந்திய மூன்றாம் ஆணை, பாலங்களின் மீது ஓடுவதைக் குற்றமாக்கியது. அதுவும் திறப்பு விழா நாளிலிருந்தே.

அன்று ஓடாத பிள்ளை யார்? ஓடச் சொல்லிக் கையில் கொடி கொடுத்ததே அரண்மனைதான். முதல் அழைப்பு பவளத்தின் பதினைந்து வயது மகள் அல்லிக்கு வந்தது.

மன்றத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை. கனிவு அதிகாரி அலங்காரம் என்பவர் அல்லியின் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தார்.

"மாமான்னே கூப்பிடு, தங்கம். பாலத்துல ஓடுனியா?"

"எல்லாரும்தான் ஓடுனோம்."

"அவ்வளவுதான், முடிஞ்சுது! இதுல ஒரு கையெழுத்துப் போடு. மாமா மன்னிச்சாச்சு."

"போடலைன்னா?" என்றாள் பவளம்.

"கோர்ட் வேண்டாம்கிறது ஒத்துக்குற பிள்ளைக்குத்தான். ஒத்துக்காத பிள்ளையை கோர்ட்டுக்குத்தாம்மா அனுப்பணும். கேஸ் முடிய அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பொண்ணு ஜெயில்லதான். ராஜாவுக்கு அதெல்லாம் மனசு தாங்காது."

பவளம் காகிதத்தை மூன்று முறை படித்தாள். 'பாலத்தின் மீது ஓடினேன். வருந்துகிறேன்.' திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மனமே இல்லாமல் தலையாட்டினாள். அல்லி கையெழுத்துப் போட்டாள். அந்த வாரத்துக்குள் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் மன்னிக்கப்பட்டார்கள்.

பிறகு பவளத்தின் வழக்கு விசாரணைக்கு வந்தது. மருமகனின் வக்கீல் ஒரு கட்டுக் காகிதங்களை நீதிபதியிடம் நீட்டினார்.

"பிள்ளைகள் ஓடிய அதிர்வில்தான் பாலம் விழுந்தது என்று நேற்றைய நான்காம் ஆணை தெளிவாக்கியிருக்கிறது, ஐயா. ஓடியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மன்னிப்பும் பெற்றார்கள். மன்னித்து முடித்த குற்றத்துக்கு மறுபடி வழக்கு ஏது?"

நீதிபதி மேலே இருந்த காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் சாவுக்கு யார் காரணம்னு கேக்குறீங்க. இதோ, உங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்காளேம்மா."

பக்கத்தில் நின்ற அல்லி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அப்பாவை நானாம்மா...?" என்று ஆரம்பித்தாள்.

 பவளம் சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள்.

"பேசாதடி. இங்க எதைச் சொன்னாலும் எழுதிக்குவாங்க."

குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார்.