பெரியத்தான் வாயில் மக்ரூன்

பிள்ளைகளைப் பழக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் தங்கள் கையைக் கட்டிப்போட வேண்டும். பட்டவள் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், உளவியலில் பி.ஏ. முடித்த திமிரோடு (மூன்றாம் வகுப்புதான், அது வேறு விஷயம்) மில்லர்புரத்தில் அக்கா வீட்டில் வந்து இறங்கினேன். அக்கா மகள் கிரேஸுக்கு ஐந்து வயது. பேச மாட்டாள், யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். மெட்ராஸ் டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி, வீட்டிலேயே பழக்கச் சொன்னார். ஒரே ஒரு கட்டளை. செய்தால் அந்த நொடியே பாராட்டு, தின்பண்டம். அத்தானின் அண்ணனோ (எங்களுக்குப் பெரியத்தான், சாத்தான்குளத்தில் தலைமையாசிரியர்) பிள்ளையை வெளியூர் விடுதியில் விட்டுவிடலாம் என்றார். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கோடை முடிந்ததும் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

கோடை முழுக்க "உட்காரு" என்றேன். உட்கார்ந்தால் "வெரி குட்!", வாயில் மக்ரூன், அந்த முந்திரி இனிப்பில் ஒரு துண்டு. (உட்காராதபோது துண்டு என் வாய்க்குப் போனது. எடை கூடியது எனக்குத்தான்.) ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்வாள், தின்றதும் ஓடிவிடுவாள். முகம் எப்போதும் சுவர்ப்பக்கம்.

பெரியத்தான் வந்தார். முறுக்கு மீசை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். மக்ரூன் தட்டோடு நான், "உட்காருங்க பெரியத்தான்" என்றேன். உட்கார்ந்தார்.

என் கை என்னைக் கேட்கவில்லை. "வெரி குட்!" என்று கத்திக்கொண்டே அவர் வாயில் ஒரு துண்டைத் திணித்துவிட்டேன்.

பாதி மீசையில் அப்பிக்கொண்டது. "என்னளா செஞ்ச?" என்றார், பொடி பறக்க. அக்கா பிள்ளையை நானே விடுதிக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜன்னலோரம் சுற்றிக்கொண்டிருந்த கிரேஸ் நின்றாள். அவரைப் பார்த்தாள். முகத்தை! பிறகு யாரும் சொல்லாமலே பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

தட்டு என் கையில்தான் இருந்தது. பெரியத்தான்தான் ஒரு துண்டு உடைத்து ஊட்டினார். "வெரி குட்" என்றார் மெதுவாக. உடனே அவள் ஒரு துண்டை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். நான் சொல்லிக்கொடுக்காதது அது. எங்கே கற்றுக்கொண்டாள்?

"பெரியத்தானுக்குச் சீனி வியாதி..." அக்கா முனகினாள்.

"சும்மா இருளா, பிள்ள தாரா" என்று தின்றார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், வாயைத் திறந்தபடி.

விடுதிப் பேச்சு அன்றோடு போயிற்று.

கிரேஸுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சு இன்றும் சில சொற்கள்தான். ஆனால் அவள் தட்டோடு வந்தால் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வாயைத் திறந்துவிடுவோம். போன வருஷம் என் பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இது தெரியவில்லை. கையைப் பிடித்து எழுப்பி எழுப்பி உட்காரவைத்தாள். மனுஷன் கடைசியில் வாயைத் திறந்தார்.

"வெரி குட்" என்றாள் கிரேஸ்.