கண்டிஷன் ஹாரன் அடித்த காலை

திருவண்ணாமலையில் ஹாரனைத் தொடாமல் ஆட்டோ ஓட்டிய ஒரே மனிதர் கண்டிஷன்தான். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். மாடு, சாமியார், டவுன் பஸ், சைக்கிளில் வெள்ளைக்காரர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் குறுக்கே வரும். அப்போதும் அவர் கட்டைவிரல் ஹாரன் பட்டன் பக்கம் போகாது. வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் வழி குடுங்க" என்பார். மாட்டுக்கும் அதே மரியாதைதான். "அது பாட்டுக்கு நிக்குது சார். நம்ம கத்துனா அதுக்கு இன்னா புரியும்?" என்று என்னைக் கேட்பார். மாட்டுக்கு ஹாரன் புரியாது, "வழி குடுங்க" மட்டும் எப்படிப் புரியும் என்று நான் கேட்டதில்லை. ஏனென்றால் மாடு நகர்ந்துவிடும்.

அவருடைய நிஜப் பெயர் ஆட்டோ ஸ்டாண்டிலேயே யாருக்கும் தெரியாது. நான் அந்த ஊரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். செங்கம் ரோட்டுப் பக்கம் ரூம், தேரடி வீதியில் கடை. முதல் நாள் காலை அவர் வண்டியில் கால் வைத்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஏறுங்க சார். ஆனா மூணு கண்டிஷன். போன்ல சத்தமா பேசக் கூடாது. மூணு பேருக்கு மேல ஏத்தச் சொல்லக் கூடாது. 'சீக்கிரம் போங்க'னு மட்டும் சொல்லவே கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் வாய் தவறி, "கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா" என்றுவிட்டேன். வண்டியை ஓரம் கட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்து, முதல் பக்கத்தை நிதானமாகப் படித்து முடித்தார். மடித்து வைத்துவிட்டுத் திரும்பி, "இப்ப போலாமா?" என்றார். அன்று கடையில் எனக்கு அரை நாள் லீவு போட்டார்கள்.

ஒருமுறை ஆசிரமப் பக்கத்திலிருந்து உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரர் ஏற வந்தார். கண்டிஷன் அதே பேப்பரை விரித்து சீட்டின் மேல் பரப்பினார். அவர் அதை ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, பேப்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கண்டிஷன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

போலீஸிடமும் இதே கதைதான். ஒரு நாள் நானும் தேன்மொழி டீச்சரும் வண்டியில் இருந்தோம். டீச்சர் எங்கள் தெரு, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். டிராஃபிக் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், கூட ஒரு கான்ஸ்டபிளோடு கை காட்டி நிறுத்தி, "கோயில் வரைக்கும் எறக்கி விடுப்பா" என்றார்.

"ஒருத்தர் வாங்க சார். ரெண்டு பேர் ஏறுனா பின்னால நாலு பேர் ஆயிடும்."

"அதனால இன்னா?"

"ஜாஸ்தி ஆள் ஏத்துனா நீங்கதான சார் கேஸ் போடணும்? உள்ள உட்கார்ந்துகிட்டு எப்படிப் போடுவீங்க?"

எஸ்.ஐ. கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே போனார். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீக்கடையிலும் ஒரு கண்டிஷன் உண்டு. சர்க்கரை கூடாது. மாஸ்டர் மறந்து போட்டுவிட்டால் கிளாஸைத் தொடாமல் எழுந்துவிடுவார். காலை எட்டு மணி ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்து நாலு இட்லி சாப்பிடுவார். அந்தப் பத்து நிமிஷம் கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் வண்டி நகராது. இதுவும் அவருடைய கிறுக்குகளில் ஒன்று என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மார்கழியில் ஒரு நாள். டீச்சருக்கு பரீட்சை டியூட்டி. "நாளைக்கு மட்டும் அரை மணி முன்னால வாங்கண்ணா" என்று முதல் நாளே கேட்டிருந்தார். கண்டிஷன் யோசித்தார். 'சீக்கிரம் போ' என்பது வேறு, 'சீக்கிரம் வா' என்பது வேறு என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. "சரி டீச்சர்" என்றார்.

எட்டு மணிக்கே வந்துவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன். செங்கம் ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். பாம் என்று ஒரு சத்தம். எந்த வண்டி என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் பாம். எங்கள் வண்டிதான். ரோட்டில் மாடு இல்லை, மனுஷன் இல்லை. கண்டிஷன் ஹாரனில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஹாரன் வேலை செய்யும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"அண்ணா, இன்னா ஆச்சு?" என்றேன்.

"போளூர்தான?" என்றார். போளூர் வேறு ஊர். நாக்கு தடித்த மாதிரி இருந்தது குரல்.

அடுத்து சிக்னல். சிவப்பு. ஆளே இல்லாத ரோட்டில்கூட சிவப்புக்கு நின்று இன்ஜினை அணைக்கிறவர், பச்சைக்குப் போகிற மாதிரி நேராகப் போனார். பிறகு சிரித்தார். நான்கு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்கண்ணா" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். அவர் காதில் எதுவும் விழவில்லை. கோயில் பக்கம் ஒன்வேயில் எதிர்த் திசையில் திருப்பினார். ரோட்டோரம் சாமந்திக் கூடையோடு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். வண்டி தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கூடையை விட்டுவிட்டுத் துள்ளி எழுந்து ஒதுங்கினார். முன் சக்கரம் கூடை மேல் ஏறி, அப்படியே போய் போலீஸ் வைத்திருந்த இரும்புத் தடுப்பில் முட்டி நின்றது. கண்டிஷன் இன்னும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிச் சாவியைத் திருகி எடுத்தேன்.

ஓடி வந்தவர் அதே எஸ்.ஐ.

"வாய்யா வா. அன்னைக்கு எனக்கே சட்டம் சொன்ன. இன்னைக்குக் காலைலயே சரக்கு ஏத்திக்கிட்டு வந்துட்டியா?"

கண்டிஷன் இறங்க மறுத்தார். ஹாண்டில்பாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மூணு பேருக்கு மேல ஏறக் கூடாது" என்றார். ஊதிப் பார்க்கிற மெஷினை எஸ்.ஐ. வாயருகே நீட்டினார். கண்டிஷன் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சத்தமா பேசாதீங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இன்று நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

ஒருவழியாக ஊத வைத்தார்கள். மெஷின் பூஜ்யம் காட்டியது. எஸ்.ஐ. அதைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் பூஜ்யம். "மெஷின் ரிப்பேரா, இல்ல வேற ஏதாவது போட்டிருக்கானா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்ற பெண் கான்ஸ்டபிள் கண்டிஷன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"சார், இந்தக் குளிர்ல சட்டை பிழியற மாதிரி நனைஞ்சிருக்கு. கை நடுங்குது. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் கம்மியாயிட்டா இப்படித்தான் பேசுவாரு. ஒரு தடவ என்னையே யாருனு கேட்டாரு." எங்களிடம் திரும்பி, "இவருக்கு சுகர் இருக்கா?" என்றார்.

நான்கு வருஷமாகத் தினமும் பார்க்கிறோம். எங்களுக்குத் தெரியவில்லை.

கான்ஸ்டபிள் வண்டியின் முன் பெட்டியைத் திறந்தார். இன்சுலின் ஊசிப் பேனா ஒன்று. அதன் பக்கத்தில் டிபன் பாக்ஸ். உள்ளே நாலு இட்லி, தொடாமல்.

"ஊசியப் போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டாரு" என்றார் கான்ஸ்டபிள்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் முன்னால வரச் சொன்னேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அதற்குப் பிறகு அந்த எஸ்.ஐ. வேறு ஆளாகிவிட்டார். கூட்டத்தைக் கலைத்தார். ஒரு போலீஸை 108-க்குப் போன் போடச் சொன்னார். தானே டீக்கடைக்கு ஓடி, ஒரு கிளாஸ் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். "நெனவு இருக்கும்போதே குடிக்க வைங்க. மயங்கிட்டா வாய்ல எதுவும் ஊத்தக் கூடாது" என்று கான்ஸ்டபிள் அவசரப்படுத்தினார்.

கண்டிஷன் ஒரு சொட்டு உதட்டில் பட்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சக்கரை போட்டிருக்கு. எனக்கு வேணாம்."

எஸ்.ஐ. கெஞ்சினார். மிரட்டினார். டீச்சர் அழுதுகொண்டே சொன்னார். அசையவில்லை. கண்கள் வேறு செருகிக்கொண்டு வந்தன. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கான்ஸ்டபிளின் காதில், "அவருக்குக் கண்டிஷன் போட்டாத்தான் புரியும்" என்றேன். அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அண்ணே, வண்டிய எடுக்கணும்னா ஒரு கண்டிஷன். இத முழுசா குடிக்கணும்."

கண்டிஷன் கொஞ்சம் யோசித்தார். "கண்டிஷனா? அப்ப சரி" என்று கிளாஸை வாங்கிக் குடித்தார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மெல்ல முகம் தெளிந்தது. சுற்றிப் பார்த்தார். முதல் வார்த்தை, "டீச்சர், எக்ஸாமுக்கு லேட் ஆயிடுச்சே." இரண்டாவதாக, நசுங்கிய கூடையைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சிக்னல் தாண்டுனனா சார்?" என்று என்னைக் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

"கேஸ் போடுங்க சார்" என்றார் எஸ்.ஐ.யிடம்.

"உடம்பு சரியில்லாத ஆள் மேல இன்னாய்யா கேஸு?"

"அந்தம்மா மேல ஏத்திருந்தா?"

பூக்காரம்மாதான் சாமந்தியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் ஆவல. நீ மொதல்ல அந்த இட்லியத் தின்னு."

நடு ரோட்டில், இரண்டு போலீஸ்காரர்கள் காவல் நிற்க, கண்டிஷன் இட்லி சாப்பிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சாவியை எஸ்.ஐ. வைத்துக்கொண்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பத் தருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சட்டம் பேசுகிறவருக்குச் சட்டம் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்து நானும் டீச்சரும் அவர் வீட்டுக்குப் போனோம். சாவி வந்துவிட்டது, ஆள்தான் வண்டியை எடுக்கவில்லை. பொண்டாட்டி போளூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்டிஷன் எழுந்து நின்றார்.

"சுகர் இருக்குனு தெரிஞ்சா எவன் சார் வண்டில ஏறுவான்? அதான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் இனிமே ஏறாதீங்க. வேற வண்டி பாருங்க."

"வேற வண்டில போயிப் பார்த்தேன்" என்றார் டீச்சர். "வழியெல்லாம் ஹாரன். எனக்குத் தலைவலி. நீங்க திங்கக்கிழம வரணும். இட்லி சாப்பிட்டுட்டு வரணும். நான் லேட்டானாலும் பரவால்ல."

திங்கட்கிழமை வந்தார். புதிதாக இன்னொரு கண்டிஷனோடு. வண்டியை எடுக்கும் முன் விரலில் ஊசி குத்தி, சின்ன மெஷினில் சர்க்கரை அளவு பார்ப்பார். திரும்பி எங்களிடம் நீட்டுவார். நாங்கள் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும். நம்பர் கம்மியாக இருந்தால் வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு கால் மணி பேப்பர் படிப்பார். மறுபடி குத்துவார். புதிதாக ஏறிய ஒரு வெளியூர்க்காரர் இதைப் பார்த்து, மீட்டர் போடுகிறார் என்று நினைத்துப் பேரம் பேசியிருக்கிறார்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டையும் ஒட்டினார், அவரே எழுதியது: 'டிரைவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஹாரன் அடித்தால் உடனே நிறுத்தச் சொல்லி இனிப்பு கொடுக்கவும்.' பயந்து இறங்கிப் போனவர்கள் சிலர் உண்டு. படித்துவிட்டு, "எனக்கும்தான்" என்று உட்கார்ந்தவர்கள் அதைவிட ஜாஸ்தி.

எஸ்.ஐ.யும் மாறிவிட்டார். யாராவது வண்டியைத் தாறுமாறாக ஓட்டி மாட்டினால், மெஷினை நீட்டும்போதே, "சாப்டியாய்யா?" என்றும் கேட்டுவிடுவாராம். குடித்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பாசத்தில் உருகி, உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள் என்று அந்தக் கான்ஸ்டபிள் கடையில் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார்.

எனக்கு வேலூரில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் அன்றிலிருந்து சட்டைப் பையில் நாலைந்து ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். வேலூர் ஆட்டோக்காரர்களில் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. வெயிலில் உருகிப் பையெல்லாம் பிசுபிசுக்கிறது, எறும்பு வருகிறது. உதறிவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.